ஓவர்டிரைவ் படுத்திய பாடு: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

நாலாவது_கியர்

எம்ஜிபி கார், 1970 மாடல். ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்துல எஞ்சின் சுத்தைக் குறைக்கிற யூனிட், எல்ஹெச் டைப். வண்டி ஆறியிருந்தா ஓவர்டிரைவ் ஒழுங்கா விழும். சூடானதும் தானா விட்டுடும். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு "ஓவர்டிரைவ் ஆயில் பம்ப் போச்சு சார், இறக்கணும்"னு முடிவே பண்ணிட்டார். இந்த வண்டியில இறக்கறதுன்னா எஞ்சினும் கூடவே வரணும், உங்களுக்குத் தெரியாததில்ல.

அன்னைக்கு ராத்திரி திரும்பி வர்றப்ப, ஆர்பிஎம் மீட்டர்ல 2500ல நின்ன ஊசி, ஆக்சிலரேட்டர்ல கால் அசையாமலே 3000ஐத் தாண்டிச்சு. எரிச்சல்ல கியர் லீவரை உள்ளங்கையால ஒரு பக்கமா அழுத்தினேன். ஊசி இறங்கிச்சு. கையை எடுத்தேன், ஏறிச்சு. மறுபடி அழுத்தினா மறுபடி இறங்குது! பம்ப் போன வண்டி லீவரை அழுத்தினா எப்படிங்க கேட்கும்? கியர்பாக்ஸ் மேல இருக்கிற இன்ஹிபிட்டர் ஸ்விட்ச்தான், மேல் கியர் தவிர மத்ததுல ஓவர்டிரைவ் விழாம தடுக்கிறது. அதுக்கு அடியில இருந்த ஃபைபர் வாஷர்ல ஒண்ணைக் கழட்டினதும் ஸ்விட்ச் கொஞ்சம் இறங்கி, சரியாப் போச்சு. எஞ்சினையே வெளியில எடுக்கப் பார்த்தாரேன்னு நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

அடியில்_படுத்தவன்

டிரையம்ஃப் டிஆர்4, ஏ டைப். எனக்கு நேர் எதிர்: விழுந்தது விடவே இல்லை. ஸ்விட்சை அணைத்தாகிவிட்டது, ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சோலனாய்டின் ஒயரையும் பிடுங்கியாகிவிட்டது, அப்படியும் ஓவர்டிரைவிலேயே நிற்கிறது. ஷெட் வாசலில் நான் டார்ச் எடுக்கக் குனிந்த நேரத்தில், உதவிக்கு வந்த பையன் வண்டியைத் திருப்பி விடலாமென்று ஏறி உட்கார்ந்து கியர் லீவரை ரிவர்ஸுக்குத் தள்ளுகிறான். கிளட்சிலிருந்து கால் பாதி எழுந்தாயிற்று. நான் போட்ட சத்தத்தில் வண்டி ஆஃப் ஆனது நல்லதாய்ப் போயிற்று.

ஓவர்டிரைவ் விழுந்திருக்கும்போது உள்ளே நடுவில் இருக்கும் சன் வீல் என்ற பல்சக்கரம் அசையாமல் பிடிபட்டிருக்கும். அந்த நிலையில் பின்னால் போனால் ஒரு பக்கமாக மட்டுமே சுற்றவிடும் ரோலர் கிளட்சும் பூட்டிக்கொள்ளும். சுற்ற வழியில்லாமல் உள்ளே ஏதாவது ஒன்று உடையும். கையால் தள்ளித்தான் உள்ளே ஏற்றினோம். ஓவர்டிரைவ் விடாததற்குக் காரணம், ஆயில் பிரஷரைத் திறந்து மூடும் ஆபரேட்டிங் வால்வில் இருக்கும் ஊசிமுனை அளவு துளை. அழுக்கு அடைத்து, பிரஷர் வடிய வழியில்லை. ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை விட்டதும் திறந்துகொண்டது. அந்தக் கால் எழுந்த காட்சிதான் இன்னமும் கண்ணில் நிற்கிறது.

ஆம்மீட்டர்

முதல் பதிவர் சொல்றதைப் படிச்சுட்டு எல்லாரும் வாஷரைக் கழட்டக் கிளம்பிடாதீங்க. அவருக்கு அதிர்ஷ்டம். எனக்கு ஏ டைப்ல சோலனாய்டு கருகி, கார் முழுக்க வார்னிஷ் எரிஞ்ச வாடை. என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கலேன்னாலும் சொல்றேன். முதல்ல ஆயில் அளவைப் பாருங்க. கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான், குறைஞ்சா முதல்ல மக்கர் பண்றது ஓவர்டிரைவ்தான். உராய்வைக் குறைக்கிற அடிட்டிவ் எதையும் ஊத்தாதீங்க. ஓவர்டிரைவுக்குள்ள இருக்கிற கோன் கிளட்ச் பிடிக்கிறதே உராய்வுலதான், அதைப் போய் வழுக்க வைக்கலாமா? அடுத்து, சோலனாய்டு ஒயர்ல ஆம்மீட்டரைச் சேருங்க. ஏ டைப்ல ரெண்டு சுருள். இழுக்கிற நொடியில 15, 20 ஆம்பியர் வரைக்கும் ஏறும், இழுத்து முடிச்சதும் ஒண்ணு ரெண்டு ஆம்பியருக்கு விழுந்துடணும். விழாம மேலேயே நின்னா உடனே ஸ்விட்சை அணைங்க, இல்லேன்னா என் கதைதான். சோலனாய்டு இழுக்கிற பிளஞ்சர் முழுசா உள்ளே போகலேன்னுதான் அர்த்தம், அது அசைக்கிற ஓவர்டிரைவ் லீவரோட செட்டிங் தப்பு. லீவர்ல ஒரு ஓட்டை, பாடியில ஒரு ஓட்டை. சோலனாய்டு இழுத்த நிலையில 3/16 இஞ்ச் டிரில் பிட்டோட தண்டு ரெண்டுக்குள்ளேயும் நேராப் போகணும். இதெல்லாம் பார்க்காம பம்பைக் குத்தம் சொல்றவனை நம்பாதீங்க, ஸ்விட்சைக் குத்தம் சொல்றவனையும்தான்.

ஸ்டாக்_பிரியன்

@ஆம்மீட்டர், பாஸ், அவர் வெச்சிருக்கிறது எல்ஹெச். அதுல நீங்க சொல்ற லீவரே வெளியில கிடையாது. ரெண்டு சுருளும் கிடையாது. முதல் பதிவைப் படிச்சுட்டுத்தான் எழுதினீங்களா?

என்னோடது டிரையம்ஃப் ஸ்டாக் கார். ஓவர்டிரைவ் ஸ்விட்ச், கியர் லீவர் நாப் மேல. மூணாவதுல விழும், நாலாவதுல விழாது. லீவருக்குள்ள ஓடுற மெல்லிசு ஒயர் அறுந்து ரெண்டு இழையில தொங்கிட்டிருந்துச்சு, லீவரைப் பின்னால இழுத்தா தொடர்பு போயிடும். அது பெரிய விஷயமில்ல. அந்த ஒயரைத் தேடுறப்ப டாஷ்போர்டுக்கு அடியில லேபிள் இல்லாத ஒரு டாகிள் ஸ்விட்ச் தட்டுப்பட்டுச்சு. முன்னாடி வெச்சிருந்த ஆள் இன்ஹிபிட்டரையே சுத்திப் போய் சோலனாய்டுக்கு நேரா கரண்ட் கொடுத்து வெச்சிருக்கார். அதாவது ரிவர்ஸ்லேயும் ஓவர்டிரைவ் விழும்! முழங்கால் பட்டாலே ஆன் ஆகுற இடம். @அடியில்_படுத்தவன் சொன்னதைப் படிச்சதும் உள்ளங்கை வேர்த்துடுச்சு.

அடியில்_படுத்தவன்

@ஸ்டாக்_பிரியன், அதை அன்றே பிடுங்கிவிட்டீர்கள்தானே? ஒயரின் மறுமுனையையும் தேடி எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் போடாமல் இழுத்திருந்தால் அது வேறு வம்பு.