நகராட்சி உரிமம் உள்ள பெயின்டிங் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவும் வேண்டுமா?

தெருமுனை:
குடியிருப்புத் தெருவில் கார் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை. தின்னர் வாடையும் கம்ப்ரசர் சத்தமும் இரவு பதினொரு மணி வரை. புகார் கொடுத்தால் "தொழில் உரிமம் கொடுத்தாச்சு" என்பதோடு நகராட்சி முடித்துக்கொள்கிறது. உரிமம் இருந்தால் வாரிய இசைவு தேவையில்லையா? மார்ச் 31-ல் உரிமம் முடிகிறது. புதுப்பிப்பதற்கு முன் என்ன செய்யலாம்?

வரப்பு:
இரண்டும் வேறு வேறு. தொழில் உரிமம் உள்ளாட்சிச் சட்டத்தில் வருவது. இசைவு, 1974 நீர்ச் சட்டத்திலும் 1981 காற்றுச் சட்டத்திலும் வருவது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றாகாது. தொழில்களை மாசின் அளவை வைத்து நிறங்களாகப் பிரிக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 பட்டியலில் வாகனப் பழுதுபார்ப்பும் பெயின்டிங்கும் ஆரஞ்சு வகை, அதாவது நடுத்தர மாசு, இசைவு வேண்டும். பட்டியலைத் திருத்துவார்கள் என்பதால் இப்போது நடப்பில் உள்ளதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இசைவிலும் இரண்டு கட்டம்: அமைக்க ஒன்று, இயக்க ஒன்று. முதலாவதைக் காட்டியே காலம் தள்ளும் இடங்கள் உண்டு, இரண்டையும் கேளுங்கள்.

புகாருக்கு முன் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். "ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தட்டிவிடுவார்கள். நகல்களாகக் கேளுங்கள்: உரிம விண்ணப்பம், இணைப்புகள், சுகாதார ஆய்வாளரின் தள ஆய்வு அறிக்கை, நிபந்தனைகளோடு கூடிய உரிமம், அனுமதித்த குதிரைத்திறன். இசைவு நகலுக்கு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தனி மனு.

குதிரைத்திறனை அவசியம் பாருங்கள். 5 எச்.பி.க்கு உரிமம் வாங்கி 15 எச்.பி. ஓட்டினால் அது உரிம மீறல். ஒரு எச்.பி. சுமார் 0.746 கிலோவாட், மோட்டார் தகட்டில் கிலோவாட் போட்டிருந்தாலும் கணக்குப் பார்த்துவிடலாம்.

தெருமுனை:
நன்றிங்க. மொபைல் செயலியில் சத்தம் 78 டெசிபல் காட்டுகிறது. அதை வைத்துப் புகார் கொடுக்கலாமா?

அளவுகோல்:
ஆதாரமாக நிற்காது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புக்கு வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. இவை குறிப்பிட்ட நேரத்துக்கான சராசரி அளவுகள், உச்ச அளவுகள் அல்ல. சுத்தியல் அடி ஒரு நொடி 90 தொட்டாலும் சராசரியில் கரைந்துவிடும். விடாமல் ஓடும் கம்ப்ரசர் கரையாது. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்க விதியே இடம் தருகிறது, அதாவது பகலில் 65. செயலி எண்ணை விட்டுவிட்டு, தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த இயந்திரம் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் வந்து அளக்கும்படி வாரியத்திடம் கேளுங்கள். நேரம் சொல்லாவிட்டால் மதியம் பட்டறை ஓய்ந்திருக்கும்போது அளந்து "வரம்புக்குள்" என்று எழுதிவிடுவார்கள்.

செம்மண்:
"மூடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அங்கே வேலை செய்பவர்களின் பிழைப்பும் இருக்கிறது. நிபந்தனை கேட்கும் மனுவைத் தள்ளுவதும் கடினம். புதுப்பிக்கும்போது சேர்க்கச் சொல்ல வேண்டியவை: ஸ்ப்ரே வேலை மூடிய பூத்துக்குள் (பெயின்ட் அடிப்பதற்கான அடைப்பறை) மட்டும், கம்ப்ரசர் ரப்பர் திண்டின் மேல் தனி அறையில், இரவு வேலை கூடாது. பூத்தில்தான் ஏமாற்று அதிகம். சாதாரண ஃபில்டர் பெயின்ட் துளிகளைத்தான் பிடிக்கும். தின்னர் ஆவி அப்படியே வெளியேறும். வாடை போக, ஆவியை ஈர்த்துப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் (கரி) அடுக்கு வேண்டும். அதுவும் நிறைந்துவிட்டால் பிடிக்காது, எனவே மாற்றிய தேதிப் பதிவேட்டையும் நிபந்தனையில் கேளுங்கள். மிச்சத் தின்னரும் பெயின்ட் கசடும் அபாயகரக் கழிவு. சாக்கடையில் ஊற்றுவதைப் படம் எடுத்தால் தனிப் புகாராகவே நிற்கும்.

மனு நகராட்சி ஆணையருக்கு, நகல் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. பிப்ரவரிக்குள், ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்).

வரப்பு:
ஒன்று விட்டுப்போச்சு. இரண்டு இடமும் அசையாவிட்டால், பொதுத் தொல்லையை நீக்க நிபந்தனை உத்தரவு கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 152. சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வும் உண்டு. ஆனால் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். நகராட்சியின் பதிலுக்காகக் காத்திருந்தே பலர் இந்தக் கெடுவைக் கோட்டைவிடுகிறார்கள். பட்டறை என்றைக்குத் தொடங்கியது என்பதை இன்றே எழுதி வையுங்கள்.