பழைய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகள்: நேரில் பார்த்தவர்கள், உதைத்துக் கிளப்பியவர்கள் சொல்லுங்கள்

ஸ்விண்டன் வாசி

இங்கிலாந்தின் வில்ட்ஷயர், ஃபார்லி காசில் மோட்டோகிராஸ் (மண் மேடு பள்ளத்தில் ஓட்டும் பைக் ரேஸ்) மைதானம். மழை விட்ட மறுநாள், பழைய வண்டிகளுக்கான ரேஸ். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் கேட்டலினா என்ற பழைய பிரிட்டிஷ் பைக் ஒன்று. ஓட்டுகிறவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். முதல் வளைவிலேயே ஒருவர் குறுக்கே விழ, இவர் பிரேக் பிடிக்க, எஞ்சின் அணைந்துவிட்டது.

சூடான 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் பெட்ரோல் குடித்து நின்றுவிட்டால் என்ன பாடு என்று பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் கத்துகிறோம். அவர் முதலில் கையுறையைச் சரிசெய்தார். பெட்ரோல் டேப்பை மூடினார். வால்வ் லிஃப்டரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லிவர்) பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, மெதுவாகச் சில உதை. தேங்கிய பெட்ரோல் வெளியே போகட்டும் என்று. அப்புறம் டேப்பைத் திறந்தார், காலால் துழாவி கிக்கர் தடுக்கும் இடம் பார்த்தார், ஒரே உதை. இதற்குள் முன்னால் போனவர்கள் ஒரு சுற்றே முடித்து வந்துவிட்டார்கள். கையைக் காட்டி அவர்களைப் போகவிட்டு, பின்னால் சேர்ந்துகொண்டார்.

அந்த முகத்தில் அவசரமே இல்லை. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரேஸ் முடிந்ததும் கேட்டுவிடலாம் என்று போனேன். யாரிடமோ டயர் விலை பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், திரும்பி வந்துவிட்டேன்.

லியேஜ் தமிழன்

பெல்ஜியத்தின் நாமூர் கோட்டை மலையில் மோட்டோகிராஸ் கிராண்ட் ப்ரீ 2007 உடன் நின்றுபோனது. அதற்கெல்லாம் அப்புறம், ஆர்டென் பக்கம் பழைய வண்டிக்காரர்கள் கூடிய ஒரு ஞாயிறு. காட்டுக்குள் பாதை. வண்டிக்கு முன்னால் சத்தம் வந்துவிடும். டூ ஸ்ட்ரோக்குகள் கூட்டமாக வந்தால் ஒரே இரைச்சல். மேட்ச்லெஸ் எஞ்சின் வைத்த ரிக்மன் மெட்டிஸ் என்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வந்தபோது வெடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. நிக்கல் பூசிய ஃப்ரேம் அத்தனை சேற்றிலும் மின்னியது. அதில் தனி ஆயில் டேங்க் கிடையாது, ஃப்ரேம் குழாய்க்குள்ளேயே ஆயில் நிற்கும், அந்த மார்க் 3 தான்.

மேட்டு உச்சியில் எஞ்சின் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. இறக்கம் முழுக்க வெறும் செயின் தடதடப்பு, அதற்கு மேலே ஓட்டுகிறவரின் குரல். பிரெஞ்சில் வண்டியைத் திட்டிக்கொண்டே வருகிறார். என்னைக் கடக்கும்போது திட்டுவதை நிறுத்தி, மரியாதையாக "பொஞ்சூர்" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அம்மீட்டர் முள்

என் கதை சின்னது. நண்பரின் 1971 பிஎஸ்ஏ பி50 மோட்டோகிராஸ். உதைத்தேன், திருப்பி உதைத்தது, பூட்ஸின் அடிப்பாகம் பிய்ந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது இந்த வண்டிகளை வாங்கப் போவீர்கள், அதனால் சொல்கிறேன். வாரக்கணக்கில் சும்மா நின்ற பிஎஸ்ஏவை உடனே உதைக்காதீர்கள். ஆயில் டேங்கில் இருக்கும் ஆயில், பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸில் போய்த் தேங்கியிருக்கும். முதலில் அதை வெளியே வடித்துவிடுங்கள். எஞ்சின் கிளம்பியதும் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து ஆயில் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் அந்த நொடியே அணையுங்கள். விளக்கெண்ணெய் சேர்த்த ரேஸ் ஆயில் ஓடிய எஞ்சினில் சாதாரண மினரல் ஆயிலை ஊற்றவே கூடாது, இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. விளக்கெண்ணெய் ஆயிலை அப்படியே விட்டால் உள்ளே பிசினாகிவிடும், சீசன் முடிந்ததும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உதைக்கும் முறை நம் பழைய புல்லட் முறைதான்: கிக்கர் தடுக்கும் இடம் வரை மெதுவாக இறக்கி, வால்வ் லிஃப்டர் லிவரைப் பிடித்து ஒரு துளி தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, கால் முழுக்க இறங்கும்படி உதைக்க வேண்டும். பாதியில் காலை எடுத்தால்தான் கணுக்கால் போகும். புல்லட்டில் அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள் நடுவுக்கு வந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ வைத்த வண்டியில் பேட்டரியும் இல்லை, முள்ளும் இல்லை, கால்தான் சொல்ல வேண்டும். ஸ்விண்டன் வாசி சொன்ன பெரியவர் டேப்பை மூடியதும் சரிதான். ஆனால் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றியிருக்கலாம்.

சீஇசட் பக்தன்

ரேஸ் நடுவில் பிளக் மாற்றச் சொல்கிறீர்களா? நல்ல யோசனை.

லியேஜ் தமிழன், வெடியை எண்ண முடிகிறது என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். 500 சிசி உலக சாம்பியன்ஷிப் 1957இல் தொடங்கியது. நில்சன், பேட்டன், லுண்டின், டிப்ளின், ஜெஃப் ஸ்மித் என்று 1965 வரை சாம்பியன்கள் ஓட்டியது எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். 1966இல் பால் ஃப்ரீட்ரிக்ஸ் செக்கோஸ்லோவாக்கியாவின் 360 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியான சீஇசட்டோடு வந்தார், தொடர்ந்து மூன்று வருடம் அவர்தான். ஸ்மித் பிஎஸ்ஏவில் ஜெயித்ததுகூடப் பெரிய எஞ்சினால் அல்ல. 1964இல் 420, 1965இல் 441 சிசி, இலேசான வண்டி, அதனால் ஜெயித்தார். அந்த எடைப் பைத்தியம் முற்றித்தான் பிஎஸ்ஏ டைட்டானியத்தில் ஃப்ரேம் செய்து 1966இல் இறக்கியது. அது விரிசல் விட்டால் மைதானத்தில் வைத்து வெல்டிங் செய்ய முடியாது. இதெல்லாம் தெரிந்தும் உருகுகிறீர்கள்.

என் அனுபவமா? இங்கிலாந்தின் ஹாக்ஸ்டோன் பார்க் மைதானத்து மேடு. ஃபோர் ஸ்ட்ரோக்கான ஒரு பிஎஸ்ஏ விக்டரும் ஒரு சீஇசட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. சீஇசட்டின் பின் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டே இருந்தது. விக்டர் டப் டப் என்று மாட்டு வண்டி மாதிரி ஏறி முதலில் உச்சிக்குப் போனது. இன்னும் ஜீரணமாகவில்லை.

லியேஜ் தமிழன்

கடைசி பத்தியை முதலில் எழுதியிருந்தால் நமக்குள் வாதமே வந்திருக்காது. 1993இல் ஜாக்கி மார்டென்ஸ் ஹஸ்க்வர்னா ஃபோர் ஸ்ட்ரோக்கில் 500 பட்டம் வென்றதையும், 1998இல் யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் ஒய்இசட்400எஃப் விற்பனைக்கு வந்ததையும் உங்கள் கணக்கில் காணோம்.

சீஇசட் பக்தன்

அது வேறு காலம், வேறு எஞ்சின். தலைப்பு பழைய வண்டி.

லெஸ்டர் அக்கா

நீங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் அறுபதுகளில் கிளப் ரேஸ் ஓட்டியவர். குளிர்காலச் சனிக்கிழமைகளில் பிபிசியில் ஸ்க்ராம்பிள் (மோட்டோகிராஸுக்கு அன்றைய பெயர்) காட்டிய காலம், ஜெஃப் ஸ்மித்தும் டேவ் பிக்கர்ஸும் வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்கள் என்பார். ஷெட்டில் ஒரு மேட்ச்லெஸ் ஜி80சிஎஸ் இருக்கிறது. வெயில் வந்தால் கிளப்புவார், தெருவே அதிரும்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது ஒருநாள் அப்படிக் கிளப்பினார். புகை எங்கள் பக்கம் வந்தது. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து, "யார் வீட்டில் விளக்கெண்ணெய் காய்ச்சுகிறார்கள்?" என்று கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் வேலி ஓரம் போய்விட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்மா மூக்கைத் தொட்டுக் காட்டினார். அவர் புரிந்துகொண்டு உள்ளே போய் ஆயில் டின்னைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். அம்மா மோந்து பார்த்து, ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தன் முழங்காலில் தேய்த்துக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டு, ரேஸில் உடைந்த முழங்காலில் தானும் தேய்த்துக்கொண்டார். எஞ்சின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், என்ன நினைத்தாரோ.

அம்மீட்டர் முள்

அக்கா, ரேஸ் ஆயிலில் வேறு ரசாயனமும் சேர்ந்திருக்கும். முழங்காலுக்குக் கடையில் விற்கிற விளக்கெண்ணெயே போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இன்னொன்று, நின்ற இடத்திலேயே அவ்வளவு நேரம் ஓடவிட்டால் ஹெட் சூடாகிவிடும், அதை அவரிடம் சொல்லுங்கள்.