1917இல் கொழும்புக் கடலில் கண்ணிவெடி இட்ட கப்பல் எது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
எங்கள் பூட்டனார் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில், துறைமுகத்துக்கு வெளியே ஒரே கிழமைக்குள் இரண்டு பெரிய கப்பல்கள் தாண்டு போயின என்றும், அது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வைத்த வெடி என்றும் அவர் சொல்வாராம். ஆண்டு 1917 என்பது அம்மம்மாவின் உறுதியான நினைவு. ஆனால் எம்டன் 1914 நவம்பர் 9ஆம் திகதியே கொக்கோஸ் தீவுகளில் அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு அழிந்துவிட்டது. பிழை ஆண்டிலா, கப்பலிலா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி.

கலங்கரை:
ஆண்டு சரிதான் ஐயா, கப்பல்தான் வேறு. அதன் பெயர் வோல்ஃப், அதாவது ஓநாய். நம் ஊர்களில் ஜெர்மன் கப்பல் என்றாலே எம்டன் என்று சொல்லிப் பழகிவிட்டதால், இந்த ஓநாய் செய்ததும் எம்டன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

வோல்ஃப் பிறவியிலேயே போர்க்கப்பல் அன்று. வாக்ட்ஃபெல்ஸ் என்ற பெயரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்ததைப் போருக்காக மாற்றி, தட்டிகளுக்குப் பின்னால் பீரங்கிகளை மறைத்து, 450க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை ஏற்றி, கார்ல் நெர்கெர் என்ற கேப்டனிடம் ஒப்படைத்தார்கள். 1916 நவம்பர் 30 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து கிளம்பி, அடுத்த ஜனவரியில் நன்னம்பிக்கை முனையை ஒட்டி முதல் வெடிகளை இட்டது. பிரிட்டிஷ் படையினரை ஏற்றி வந்த டின்டேரியஸ் பிப்ரவரி 6 அன்று அங்கே ஒன்றில் மோதியும் மூழ்காமல் தப்பியது. அதற்குள் ஓநாய் இந்தியப் பெருங்கடலில் நெடுந்தூரம் வந்துவிட்டது. பிப்ரவரி நடுவில் கொழும்பு, அடுத்த சில நாட்களில் பம்பாய். உங்கள் பூட்டனார் சொன்னவை வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்னும் இரு பிரிட்டிஷ் கப்பல்கள். முதலாவது பிப்ரவரி 17இலும் அடுத்தது 21இலும் மூழ்கின.

கொட்டாஞ்சேனைக்காரன்:
மிக்க நன்றி. இரண்டு கப்பல்கள் தாண்ட பிறகும் இட்டவனை எவரும் காணவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

திருகுசுறா:
இட்டவன் அங்கே நிற்கத் தேவையில்லை என்பதே இந்த ஆயுதத்தின் இயல்பு. தண்டவாளத்தில் உருட்டிப் பின்புற வாயில் வழியே தள்ளிவிட்டால், கீழ்ப்பகுதியான எடைப்பெட்டி கடலடியில் போய் உட்காரும். காற்றடைத்த உருண்டை கம்பிவடத்தில் கட்டுண்டு, அலைக்குச் சில அடி கீழே கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும். அதன் தலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஈயக் கொம்புகள் ஒவ்வொன்றிலும் அமிலம் நிரம்பிய கண்ணாடிக் குழல் உண்டு. கப்பலின் அடி உரசிக் கொம்பு வளைந்தால் குழல் உடைந்து, அமிலம் மின்கலத்தில் வடிந்து, அதில் பிறக்கும் மின்சாரமே வெடியைத் தூண்டும். அமிலம் இறங்கும்வரை மின்கலத்தில் மின்சாரமே இல்லை என்பதால், மாதக் கணக்கில் நீரில் கிடந்தாலும் அது தீர்ந்துபோவதில்லை.

ஆகவே இத்தகைய கப்பலின் வரலாற்றைப் படிக்கிறவர்கள், இட்ட நாளையும் வெடித்த நாளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பம்பாய்க்கு அப்பால் பிப்ரவரியில் இட்டது, பி அண்டு ஓ நிறுவனத்தின் மங்கோலியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்தது ஜூன் 23 அன்று. நியூசிலாந்தின் வடமுனையில் 1917 ஜூனில் இட்டதில் விம்மெரா மோதி 26 பேர் இறந்தது சரியாக ஓராண்டு கழித்து, 1918 ஜூனில். ஓநாய் கீல் திரும்பியே நான்கு மாதம் ஆகியிருந்தது! ஆஸ்திரேலியக் கரையில் கம்பர்லேண்ட் வெடித்தபோது, கண்ணிவெடி என்ற நினைப்பே எழாமல், சரக்கோடு யாரோ குண்டு வைத்துவிட்டதாக அதிகாரிகள் சந்தேகித்தார்கள்.

கலங்கரை:
பார்க்காமல் போனதற்கு இன்னொரு காரணம், வோல்ஃப் தன் வானொலியைத் திறந்து பேசாமல் பிறர் பேச்சை மட்டும் ஒட்டுக்கேட்டது. மட்டுங்கா என்ற கப்பல் தன் வருகையைத் தானே வானொலியில் அறிவித்து அப்படித்தான் சிக்கியது. போதாததற்கு ‘குட்டி ஓநாய்’ என்ற மிதவை விமானம் ஒன்றும் மேலே பறந்து வேவு பார்த்தது. வேகமோ மணிக்குப் பதினொரு கடல்மைல்தான். துரத்தியிருந்தால் குரூசர் என்னும் வேகமான போர்க்கப்பல் எதுவும் பிடித்திருக்கும்.

எந்தத் துறைமுகத்திலும் நுழையாமல் 451 நாட்கள் ஓடிய கப்பலுக்கு நிலக்கரி எப்படிக் கிடைத்தது என்றால், எல்லாம் பிடிபட்ட கப்பல்களிடமிருந்து எடுத்தது. அவற்றுள் ஒன்று இகோட்ஸ் மெண்டி என்ற ஸ்பானியக் கப்பல். ஸ்பெயின் போரில் சேராத நாடு என்றும் பார்க்கவில்லை. அட்லாண்டிக் நடுவில் இரண்டையும் பக்கம் பக்கமாகக் கட்டி, அலையில் இரும்போடு இரும்பு இடிபட, அதன் நிலக்கரியை அள்ளினார்கள். 1918 பிப்ரவரி 24 அன்று வோல்ஃப் நூற்றுக்கணக்கான கைதிகளோடு கீலுக்குள் நுழைந்தது. அதே நாளில் இகோட்ஸ் மெண்டி டென்மார்க்கின் ஸ்காகன் அருகே தரைதட்ட, அதிலிருந்த கைதிகள் விடுதலையானார்கள்.

உங்கள் பூட்டனாருக்காக ஒன்று. 1917 நவம்பரில் பிடிபட்டபோது இகோட்ஸ் மெண்டி அந்த நிலக்கரியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது கொழும்புக்குத்தான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அப்படியானால் அவருடைய தோளுக்கு வரவேண்டிய மூட்டையும் அதில் இருந்திருக்கும். அம்மம்மாவிடம் இன்றைக்கே சொல்கிறேன்.