அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய்: லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்து செய்வதா, ரோபோவா?

மதுரைமகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. மலத்துடன் இரத்தம் வந்ததை மூலம் என்றே நினைத்து ஆறு மாதங்களைக் கடத்திவிட்டோம். கொலோனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயால் குடலுக்குள் பார்ப்பது) செய்தபோதுதான் ஆசனவாயிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் மலக்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியானது. வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. ஐந்து வாரக் கதிர்வீச்சும் அதனுடன் கெபசிடபின் என்ற புற்றுநோய் மாத்திரையும் முடிந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. அண்மையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி சுருங்கியிருக்கிறது, ஆனால் மறையவில்லை. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை.

எங்கள் மருத்துவர் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் இட்டுக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, செய்யலாம் என்கிறார். பெரியப்பாவோ, புற்றுநோய் என்றால் வயிற்றைத் திறந்து, கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு எடுத்தால்தான் முழுமையாக எடுக்க முடியும் என்று உறுதியாகச் சொல்கிறார். இரண்டாவது கருத்துக்காகச் சென்ற மருத்துவமனையில் ரோபோ முறைதான் சிறந்தது என்றார்கள். அதற்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் கூடுதலாகும். பணத்தைப் புரட்டிவிடலாம், ஆனால் அது அப்பாவுக்கு உண்மையிலேயே பயன்படுமா என்று தெரிய வேண்டும். அவ்வளவு சிறிய துளை வழியாகக் கட்டியை எப்படி வெளியே எடுப்பார்கள், துண்டு துண்டாக வெட்டினால் புற்றுச் செல்கள் வயிற்றுக்குள் சிதறிவிடாதா என்பதும் என் அச்சம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

குடல்நோய் அறுவை மருத்துவர் (பதில்):

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடைசி அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். கட்டியைத் துண்டாக்குவதே இல்லை. துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி, குடலின் அந்தப் பகுதியை அதற்குரிய இரத்தக் குழாய்களோடும் கொழுப்புறையோடும் சேர்த்து விடுவித்த பிறகு, அடிவயிற்றில் ஐந்து அல்லது ஆறு செ.மீ. அளவுக்கு ஒரு கீறல் இட்டு, அதன் ஓரங்களை நெகிழி உறையால் மூடிக்கொண்டு, முழுத் துண்டையும் அப்படியே வெளியே எடுப்பார்கள். அந்த உறை இருப்பதே புற்றுச் செல்கள் காயத்தில் படாமல் காப்பதற்காகத்தான்.

உங்கள் பெரியப்பாவின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்களுக்கே அந்தக் கவலை இருந்தது. லேப்ராஸ்கோப்பி மூலம் பெருங்குடலை அகற்றத் தொடங்கிய 1990களின் முற்பகுதியில், கருவி நுழைந்த துளைகளிலேயே புற்றுநோய் மீண்டும் முளைத்ததாகச் செய்திகள் வந்தன. பலர் அந்த முறையையே நிறுத்தி வைத்தார்கள். அதற்கு விடை காண அமெரிக்காவில் 872 பெருங்குடல் புற்றுநோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. மூன்றாண்டுகளில் நோய் திரும்பியவர்கள் லேப்ராஸ்கோப்பிப் பிரிவில் 16 விழுக்காடு, திறந்த அறுவைப் பிரிவில் 18 விழுக்காடு. காயத்தில் நோய் திரும்பியது இரண்டிலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கீறலின் நடுத்தர நீளம் 18 செ.மீ. என்பது 6 செ.மீ. ஆகக் குறைந்தது. பெருங்குடலைப் பொறுத்தவரை விவாதம் ஏறக்குறைய அத்துடன் முடிந்தது.

மலக்குடலின் நிலை அப்படி அன்று. அது குறுகிய இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது. ஆண்களுக்கு அந்த இடம் இன்னும் குறுகலானது. உடல் பருமனும் சேர்ந்தால் எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் கடினம்தான். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பணியாற்றிய பில் ஹீல்ட் 1982இல் விளக்கிய முறைதான் இன்றும் அடிப்படை: மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையை, அதனுள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளோடு, கிழியாமல் ஒரே பொதியாக எடுக்க வேண்டும். உறைக்கு வெளியே ஒட்டிச் செல்லும் நரம்புகளைக் காப்பாற்ற வேண்டும். சிறுநீர் கழிப்பதும் தாம்பத்திய வாழ்வும் அவற்றைச் சார்ந்தவை. உறை கிழிந்தாலோ, வெட்டிய ஓரத்தை ஒட்டிப் புற்று இருந்தாலோ, நோய் அதே இடத்தில் திரும்பும் வாய்ப்பு கூடிவிடுகிறது. எந்தக் கருவியால் செய்தாலும் இந்தப் பொதி முழுமையாக வருகிறதா என்பதே கேள்வி.

2015இல் வெளியான முடிவுகளை உள்ளபடியே சொல்ல வேண்டும். ஐரோப்பாவை மையமாகக் கொண்டு 1044 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்றாண்டுகளில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியவர்கள் இரு முறைகளிலும் 5 விழுக்காடு. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரு ஆய்வுகளால், எடுக்கப்பட்ட பொதியின் தரத்தில் லேப்ராஸ்கோப்பி திறந்த அறுவைக்குக் குறைந்ததல்ல என்பதை நிறுவ முடியவில்லை. பின்னர் அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, நோய் திரும்புவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, மலக்குடல் அறுவையில் நல்ல பயிற்சி உள்ளவர் செய்தால் லேப்ராஸ்கோப்பி பாதுகாப்பானது என்பேன்; அந்த 'உள்ளவர் செய்தால்' என்ற நிபந்தனையை நான் பேச்சுக்காகச் சேர்க்கவில்லை.

ரோபோ என்பதும் லேப்ராஸ்கோப்பிதான். மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, மணிக்கட்டுபோல் வளையும் கருவிகளை இயக்குகிறார். குறுகிய இடத்தில் அது வசதியானது. 471 பேரைச் சேர்த்து 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது ரோபோவில் 8.1 விழுக்காடு, லேப்ராஸ்கோப்பியில் 12.2 விழுக்காடு; புள்ளியியல்படி அதை உறுதியான வேறுபாடாகக் கொள்ள முடியவில்லை. 2022இல் வெளியான சீன ஆய்வு, நடு மற்றும் கீழ் மலக்குடல் கட்டிகளில் ரோபோவுக்குச் சற்றுச் சாதகமாக இருந்தது: வெட்டிய ஓரத்தில் புற்று காணப்பட்டது 4 விழுக்காடு, லேப்ராஸ்கோப்பியில் 7.2 விழுக்காடு. ஆனால் அங்கே அறுவை செய்தவர்கள் இரு முறைகளிலும் மிகுந்த அனுபவம் உள்ளவர்கள். ரோபோவில் அண்மையில் தொடங்கிய ஒருவரைவிட, லேப்ராஸ்கோப்பியில் நீண்ட காலம் மலக்குடல் அறுவை செய்துவரும் ஒருவரிடம் என் தந்தையை நான் ஒப்படைப்பேன். கடன் வாங்கி ரோபோவுக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை மலக்குடல் புற்றுநோய் அறுவைகள் செய்கிறீர்கள், பாதியில் திறக்க நேர்வது எத்தனை பேருக்கு, குடலை வெட்டி மீண்டும் இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது எத்தனை பேருக்கு? கோபப்படாமல் எண்ணைச் சொல்பவரை நம்பலாம். கதிர்வீச்சு முடிந்த பிறகும் அதன் பயன் சில வாரங்கள் தொடரும் என்பதால், அறுவைக்கு முன் ஒருமுறை விரலாலும் குழாய்க் கருவியாலும் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நெல்லைவாசி (பதில்):

நான் நோயாளியாக இருந்தவன். 2019இல் பெருங்குடலின் கீழ் வளைவில் இருந்த கட்டிக்காக லேப்ராஸ்கோப்பியில் தொடங்கினார்கள். இளம் வயதில் குடல்வால் வெடித்து அறுவை செய்திருந்ததால் உள்ளே குடல்கள் ஒட்டிக் கிடந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. கண் விழித்து நீண்ட தையலைப் பார்த்தபோது, ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நம்பி, இரண்டு நாட்கள் மருத்துவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவர் அருகில் அமர்ந்து, தெளிவாகத் தெரியாத இடத்தில் பிடிவாதமாகத் தொடர்ந்திருந்தால் சிறுநீர்க் குழாயை வெட்டியிருக்கக்கூடும் என்று விளக்கினார். என் நோயியல் அறிக்கையில் 17 நிணநீர் முடிச்சுகள் பரிசோதிக்கப்பட்டு, ஒன்றிலும் புற்று இல்லை என்று இருந்தது, கீமோ தேவைப்படவில்லை. பாதியில் திறக்க நேரலாம் என்பதை அறுவைக்கு முன்பே உங்கள் அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

ஸ்டோமா செவிலி (பதில்):

ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 7 செ.மீ. உயரத்தில் உள்ள கட்டியை, அதுவும் கதிர்வீச்சுக்குப் பிறகு, எடுத்துக் குடலை இணைக்கும்போது, இணைப்பு ஆறும்வரை சிறுகுடலை வலது வயிற்றில் தற்காலிகமாக ஒரு துளை (ஸ்டோமா) வழியே வெளியே கொண்டுவந்து, கழிவைச் சேகரிக்கப் பை பொருத்துவது வழக்கம். பல குடும்பங்களுக்கு இது அறுவை முடிந்த பிறகே மனத்தில் பதிகிறது; அப்போது நோயாளி உடைந்துபோகிறார். அறுவைக்கு முந்தைய நாள் அப்பாவை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்துத் துளைக்கான இடத்தை மையால் குறிக்கச் சொல்லுங்கள். அவர் வேட்டி கட்டுபவர் என்றால் வேட்டியுடனேயே வரட்டும். கட்டு இறுகும் இடத்தில் துளை அமைந்தால் பை நிற்காமல் கசிந்து, தோல் வெந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் நீரிழப்பில் கவனமாக இருங்கள். பையில் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துச் சமாளிக்க முடியாது. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனையை அழையுங்கள். குழைந்த சோறு, தயிர், வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி ஆகியவை வெளியேற்றத்தைக் கெட்டியாக்கும். குடலை மீண்டும் உள்ளே வைத்த பிறகு சில மாதங்களுக்கு ஒரே வேளையில் நான்கைந்து முறை கழிவறைக்குப் போக நேரிடலாம். லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் திறந்து செய்தாலும் இது வரும். இடுப்புத் தசைப் பயிற்சியும் மாத்திரையும் உதவும்.

மதுரைமகள்:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று எங்கள் மருத்துவரிடம் கேள்விகளை எழுதி எடுத்துச் சென்றேன். அவர் தம் பதிவேட்டைத் திறந்து கடந்த ஆண்டின் எண்களையே காட்டினார். லேப்ராஸ்கோப்பியில் தொடங்குவதாகவும், இடுப்புக்குள் தெளிவாகத் தெரியவில்லை என்றால் தயங்காமல் திறந்துவிடுவதாகவும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு பெரியப்பா மறுப்புச் சொல்லவில்லை. பையைப் பற்றி அப்பாவிடம் நான்தான் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். குறியிடும் நாளுக்கு வேட்டியுடன் வருகிறேன் என்று செவிலியிடம் அவரே சொல்லியிருக்கிறார். நோயியல் அறிக்கை வந்ததும் பொதி முழுமையாக வந்ததா என்பதை இங்கே பதிவிடுகிறேன்.