60 டிகிரி முக்கோண ரூலரில் ஒட்டுத்துணிப் போர்வை: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

முக்கோணங்களை மட்டுமே இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கென்று தனியாக ஒரு ரூலர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சதுரமும் செவ்வகமும் வெட்டுவதற்கு நாம் வைத்திருக்கும் நீள ரூலர்கள் பலவற்றில் 60 டிகிரிக் கோடு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்து வெட்டினாலே மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைத்துவிடும். ஆகவே கோணத்துக்காக மட்டும் இன்னொரு ரூலர் வாங்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில், முக்கோண ரூலரின் பயன் பெரும்பாலும் மழுங்கலாக வெட்டப்பட்டிருக்கும் அதன் உச்சியில்தான் இருக்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். தைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போகிறது. சமபக்க முக்கோணத்தின் மூன்று ஓரங்களிலும் கால் அங்குலம் கூட்டினால், அதன் உயரம் முக்கால் அங்குலம் கூடும். அதில் கால் அங்குலம் அடிப்பக்கத்துக்குப் போக, மீதி அரை அங்குலமும் கூர்முனையில் போய்ச் சேர்கிறது. அந்தக் கூர்முனை போர்வைக்குள் மடங்கிக் கனம் சேர்ப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவுவதில்லை. தையல் எந்திரத்தின் பல்லுக்குள் இழுபட்டுச் சுருள்வதும் அதுதான். மழுங்கிய உச்சியுள்ள ரூலர் அந்த முனையில் கால் அங்குலத்தை வெட்டும்போதே நீக்கிவிடுகிறது. தைத்து முடித்த பின் 6 அங்குல உயரம் வேண்டுமென்றால், கூரிய உச்சியுள்ள ரூலருக்கு 6¾ அங்குல அகலத்தில் துணிப் பட்டையும், மழுங்கிய உச்சியுள்ளதற்கு 6½ அங்குலப் பட்டையும் வெட்ட வேண்டும். புதிய ரூலர் எதுவானாலும், அதில் அச்சிட்டிருக்கும் எண் வெட்டும் அளவா, தைத்து முடித்த அளவா என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே துணியில் வைக்க வேண்டும்.

இந்த மழுங்கலின் உண்மையான உதவி தைக்க உட்காரும்போதுதான் தெரியும். ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும் இருக்கும் இரண்டு முக்கோணங்களை நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து விரித்தால், ஒன்றின் தட்டையான உச்சி மற்றொன்றின் அடிப்பக்க ஓரத்தோடு ஒரே கோட்டில் வந்து நிற்கும். இணைப்பு சரியாக வந்திருக்கிறதா என்பதை அப்போதே பார்த்துவிடலாம். கூரிய முனைகளோடு தைப்பவர்களுக்கு முனை ஓரத்துக்கு வெளியே நீட்டி நிற்பதால், ஒவ்வொரு இணைப்பிலும் இதைக் கண்ணாலேயே மதிப்பிட வேண்டியிருக்கிறது. அங்கேதான் வரிசை மெல்லச் சாயத் தொடங்குகிறது.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 6½ அங்குலப் பட்டையில் ரூலரை ஒரு முறை நிமிர்த்தியும் அடுத்த முறை தலைகீழாகவும் மாற்றி மாற்றி வைத்து வெட்டினால், 42 அங்குலப் பயன் அகலமுள்ள துணியில் ஒரு பட்டைக்கு 9 முக்கோணங்கள் கிடைக்கும். ஒரு வரிசைக்கு 12 முழு முக்கோணங்களும், இரு முனைகளிலும் ஒவ்வோர் அரை முக்கோணமும் வைத்தால் அகலம் 45 அங்குலம் வரும். அத்தகைய 9 வரிசைகளை இணைத்தால் 45க்கு 54 அங்குலப் போர்வை; மொத்தம் 108 முழு முக்கோணங்கள், அதாவது 12 பட்டைகள். அரை முக்கோணங்களுக்கான துணியைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இனி மிகவும் முக்கியமான ஒன்று. பட்டையை நூலோட்டத்துக்கு, அதாவது துணியின் இழைகள் ஓடும் திசைக்கு, நேராக வெட்டியிருப்பதால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு முக்கோணத்திலும் அடிப்பக்கம் மட்டுமே நேர்நூலில் இருக்கும். சாய்ந்த இரு பக்கங்களும் தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் குறுக்கு வாட்டத்தை ஒட்டி அமைவதால், கையால் லேசாக இழுத்தாலே நீண்டுவிடும். முக்கோணங்களை முறையாக வைத்துத் தைத்தால், வரிசையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நேர்நூல் ஓரங்களே வந்து அமையும். நீளும் ஓரங்கள் எல்லாம் வரிசைக்குள் தையலில் அடங்கிவிடும்.

என் தோழி ஒருவர் தாம் முக்கோணங்களை இணைத்துத் தைத்த போர்வையின் மேல்துணியைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். சில வரிசைகள் தட்டையாகக் கிடந்தன. சில வரிசைகள் நடுவில் உப்பி அலையலையாக எழும்பி நின்றன. தையலும் சரி, அளவும் சரி. உப்பியிருந்த இடத்தில் ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தபோது, இழைகள் ஓரத்துக்கு இணையாக ஓடாமல் அதைச் சாய்வாக வெட்டிக்கொண்டு வெளியேறுவது தெரிந்தது. மூன்று பக்கமும் சமம் என்பதால் முக்கோணத்தை எப்படித் திருப்பினாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும், நூலுக்கு அப்படியில்லை. கூரிய உச்சியோடு வெட்டிய துண்டுகளில் எது அடிப்பக்கம் என்று கண்டுபிடிக்க இழையைத்தான் பார்க்க வேண்டும். மழுங்கிய உச்சியோடு வெட்டிய துண்டிலோ அடிப்பக்கம் மழுங்கலுக்கு நேர் எதிரே இருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்துக்கூடச் சொல்லிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த ரூலரை விரும்பிப் பரிந்துரைக்கிறேன்.

துணி நீளாமல் இருக்க, வெட்டுவதற்கு முன்பே துணி முழுவதற்கும் கஞ்சி போட்டு நன்றாக இஸ்திரி போட்டுவிடுகிறேன். வெட்டிய துண்டுகளின்மேல் கஞ்சி தெளித்தால், நனைந்த ஓரம் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வடிவம் மாறிவிடும். இணைத்த பின்னும் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துவதே நல்லது.

தையல் ஓரம் கால் அங்குலத்துக்குச் சரியாக இருக்கிறதா என்பதை முதல் வரிசையிலேயே அளந்துவிடுங்கள். மேலே சொன்ன வரிசையில் 13 இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் தையல் ஓரம் 1/32 அங்குலம் கூடிப்போனால், வரிசை ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைந்துவிடும். எல்லா வரிசைகளும் ஒரே அளவில் குறைந்தால் கவலையில்லை. ஒன்று குறைந்து ஒன்று குறையாமல் நின்றால்தான் உச்சிகள் ஒன்றையொன்று சந்திக்காமல் போகும்.

இரண்டாம் பகிர்வு

சகோதரி அடிப்பக்கத்தைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. நான் அரை முக்கோணங்களைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றைப் பலரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

முழு முக்கோணத்தை நடுவில் இரண்டாக வெட்டினால் அரை முக்கோணம் கிடைக்காது. வெட்டிய ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் வேண்டுமல்லவா? ஆகவே ரூலரின் நடுக்கோட்டுக்குக் கால் அங்குலம் தள்ளி வெட்ட வேண்டும். இதற்கென்றே கூடுதல் கோடு அச்சிட்ட ரூலர்களும் உண்டு. அடுத்தது, 12 முழு முக்கோணங்கள் உள்ள வரிசையில் இரு முனைகளுக்கும் வேண்டிய அரைகள் ஒரே வகை; ஆனால் அடுத்த வரிசைக்கு வேண்டிய அரைகள் கண்ணாடி பிம்பம்போல அவற்றுக்கு எதிரானவை. ஒரே பக்கமாக வெட்டிக் குவித்துவிட்டால் பாதித் துண்டுகளின் நல்ல பக்கம் உள்ளே போய்விடும். பட்டையை இரண்டாக மடித்து வைத்து ஒரே சமயத்தில் வெட்டினால் இரண்டு வகையும் இணையாகக் கிடைத்துவிடும். அரை முக்கோணத்தின் நிமிர்ந்த பக்கமும் நேர்நூலில் அமைவதால் போர்வையின் பக்க ஓரங்களும் நீளாமல் நிற்கின்றன.

ஒரே திசையில் ஓடும் அச்சுள்ள துணியில் (நிற்கும் மரங்கள், பறவைகள் போன்றவை) ரூலரை மாற்றி மாற்றி வைத்து வெட்டினால் பாதித் துண்டுகளில் படம் தலைகீழாக வரும். ஆனால் போர்வையிலும் முக்கோணங்கள் மேலும் கீழுமாகத்தானே மாறி மாறி நிற்கின்றன? வெட்டிய அதே நிலையில் வைத்துத் தைத்தால் எல்லாப் படங்களும் நிமிர்ந்தே நிற்கும். இதற்குத் துண்டுகளை வெட்டியவுடன் உச்சி மேலே பார்ப்பவை ஒரு குவியல், கீழே பார்ப்பவை ஒரு குவியல் என்று பிரித்து வைத்துவிட வேண்டும். ஒரு முறை கலந்துவிட்டால் மறுபடி பிரிப்பது பெரும் வேலை.

மூன்றாம் பகிர்வு

ஆறு முக்கோணங்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் இதைச் சேர்க்கிறேன். அந்த இடத்தில் தையல் ஓரங்களை எல்லாம் ஒரே பக்கமாக மடித்துவிட்டால் கனமான முடிச்சுபோல உருண்டு நிற்கும். பிறகு மேல்துணி, பஞ்சுப் படலம், அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும்போது ஊசி அங்கே தடுமாறும். இணைப்பை இரு பக்கமும் பிரித்து விரித்து அழுத்துவதே எனக்குச் சரியாக வருகிறது. அப்படி விரிக்கும்போது தையல் வெளியே பல்லிளிக்காமல் இருக்க, தையலின் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொள்கிறேன். ஓரத்துக்கு வெளியே நீட்டும் சிறிய துணுக்குகளையும் அப்போதே நறுக்கிவிடலாம்.

வரிசைகளை இணைக்கும்போது, மேல் வரிசையின் உச்சிப் புள்ளியில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாகக் குத்தி, கீழ் வரிசையின் புள்ளியிலும் அதே ஊசி வெளிவருகிறதா என்று பார்த்து, அதன் இரு பக்கமும் வேறு ஊசிகளைக் குத்திவிட்டு நடு ஊசியை எடுத்துவிடுகிறேன். தைக்கும்போது உச்சிகள் தெரியும் வரிசையை மேலே வைத்துக்கொண்டு, இரண்டு தையல் கோடுகளும் குறுக்கிடும் புள்ளியைத் தொட்டபடி, அல்லது ஓர் இழை மட்டும் வெளியே தள்ளி ஊசியை ஓட்டினால் முனை மழுங்காது.

பஞ்சுப் படலத்தையும் அடித்துணியையும் சேர்த்துத் தைக்கும்போது, இணைப்புகளுக்குக் கால் அங்குலம் தள்ளி நேர்க்கோடுகளாகவே ஓட்டுங்கள். மூன்று திசைகளிலும் கோடுகள் ஓடினாலும், நேர்நூலில் படுத்திருக்கும் கிடைக்கோடுகளை முதலில் முடித்துவிட்டால் துணி நிலைத்துவிடும்; அதன் பிறகு சாய்வுக் கோடுகளைத் தைக்கும்போது மேல்துணி இழுபடுவது குறைகிறது.