மகள் மடித்துக் கொடுத்த பக்கம்

ஜெலுத்தோங் அம்மா:

பினாங்கு சௌரஸ்தா சந்தையில் மாடியேறினால் பழைய புத்தகக் கடைகள் இருக்கும், போனவர்களுக்குத் தெரியும். போன மாதம் படிவம் 3 படிக்கும் என் மகள் அங்கே எட்டு வெள்ளி கொடுத்து, அட்டை பாதி கிழிந்த ஓர் ஆங்கில நாவல் வாங்கினாள். இளையோருக்கான திகில் கதை, எதிர்காலத்தில் நடக்கிறது. 13 வயது நிரம்பியதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு கருவியைப் பொருத்திவிடுகிறார்கள், பரீட்சை பயம் போகும், கவனம் கூடும் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். நாவலின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. கீழே நான் சொல்லப்போகும் இடம் முன்பே தெரிந்துவிட்டால் படிப்பவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும்.

ராத்திரி பன்னிரண்டு வரை விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தாள். பாடப் புத்தகத்தை என்றைக்காவது இப்படிப் படித்திருக்கிறாயா என்று சத்தம் போட்டேன். அவள் பதிலே பேசவில்லை.

நான் அப்படிச் சத்தம் போட ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்து டியூஷன் மையம் ஒன்றில் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் புதிதாக ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் டேப்லெட்டில் பாடம் பார்க்கும்போது அதன் கேமரா அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கண் எங்கே போகிறது, தலை திரும்புகிறதா என்றெல்லாம் கணக்குப் போட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு நம் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) ஓர் எண் வந்துவிடும். 'இன்றைய கவனம் 62 விழுக்காடு', இவ்வளவுதான். ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். முழுதாகப் படிக்கக்கூட இல்லை, எனக்குப் பின்னால் இன்னும் நாலு அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்புறம் எங்கள் வீட்டில் அந்த எண்தான் பேச்சு. 62 வந்தால் சாப்பிடும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், 75 வந்தால் சிரித்துப் பேசுவேன். இரண்டே மாதத்தில் 90ஐத் தாண்டிவிட்டாள், அதைப் படம் எடுத்து என் அக்காவுக்கெல்லாம் அனுப்பினேன். ஆனால் பள்ளிப் பரீட்சையில் கணிதத்தில் முன்பைவிடக் குறைந்த புள்ளிகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நாவலை முடித்த அன்று ஒரு பக்கத்தை மடித்து என்னிடம் நீட்டினாள். "அம்மா, முழுசா வேணாம், இந்த அத்தியாயத்த மட்டும் படிங்க." கதாநாயகிக்கு அந்தக் கருவியின் குரல் தனியாகக் கேட்பதே இல்லை, கதையின் பயங்கரமே அதுதான். உயிர்த்தோழியோடு பேசுவதை நிறுத்துகிறாள், படம் வரைவதை விடுகிறாள், எல்லாம் தானே யோசித்து எடுத்த முடிவு என்று நம்புகிறாள். பிறகு சந்தேகம் வந்து, தன்னை யார் இப்படி ஆக்கினார்கள் என்று தேடிக்கொண்டு போய் ஒரு பழைய கோப்பைத் திறக்கிறாள். அதில் எந்த அமைச்சரின் முத்திரையும் இல்லை, எந்த விஞ்ஞானியின் பெயரும் இல்லை. அடியில் அவளுடைய அம்மாவின் கையெழுத்து இருக்கிறது.

சமையலறையில் நின்றபடியே அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். அவளைக் கூப்பிட்டு, "நீ எப்படிம்மா 90 எடுத்தே?" என்று கேட்டேன்.

"கண்ண அசைக்காம வச்சிக்கிட்டா போதும்மா. திரையையே பாத்துக்கிட்டு மனசுக்குள்ள வேற எதையாச்சும் நெனச்சிக்கிட்டு இருப்பேன். முன்னெல்லாம் கணக்க யோசிக்கும்போது ஜன்னல் பக்கம் பாப்பேன்ல, அதுக்குத்தான் 62 போட்டுச்சு."

யோசிக்கும்போது எங்கேயோ பார்ப்பது அவளுக்கு ஐந்து வயதிலிருந்தே பழக்கம். அது எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த எண்ணைத்தான் நம்பினேன். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

சீனாவில் நடந்ததையும் அவள்தான் சொன்னாள். 2019இல் ஜின்ஹுவா என்ற ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளின் நெற்றியில் மூளை அலைகளை அளக்கும் பட்டையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கவனமாக இருந்தால் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீல விளக்கு, விவரம் ஆசிரியருக்கும் போகும், பெற்றோருக்கும் போகும். அந்தக் காட்சி வெளியே வந்து மக்கள் கொதித்த பிறகு அந்த ஊர்க் கல்வித்துறை அதை நிறுத்திவிட்டது. "அந்தப் பிள்ளைங்களுக்காவது பக்கத்துல உள்ளவங்களுக்கு என்ன வெளக்கு எரியுதுன்னு தெரியும்மா, எனக்கு ஒண்ணுமே தெரியாது, நேரா உங்ககிட்ட வந்துடும்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை படித்து ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

செந்தூல் ஓய்வாசிரியர்:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நூலகப் பொறுப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாரம் ஒருநாள் வாசிப்புக் குழு நடத்துவோம். இந்த வகை நாவல்கள்தான் அலமாரியில் தங்காது, பையன்கள் வரிசை போட்டு எடுத்துப்போவார்கள்.

ஒருநாள் ஒருவன், "சார், மூளைய நெசமாவே வெளியிலேருந்து நிறுத்த முடியுமா?" என்று கேட்டான். 1963இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோசே டெல்காடோ செய்ததைச் சொன்னேன். காளையின் மூளைக்குள் மின்முனைகளைப் பதித்துவிட்டு, அது பாய்ந்து வரும்போது கையிலிருந்த வானொலிக் கருவியின் பொத்தானை அழுத்தினார், காளை நின்றுவிட்டது. கோபம் தணியவில்லை, உடம்புதான் பக்கவாட்டில் திரும்பிவிட்டது என்று பிறகு மறுத்தவர்களும் உண்டு, அதையும் சொன்னேன். பையன்களுக்குக் காளைமீது பாவம் வந்துவிட்டது.

"இப்ப கம்பியே வேணாம்ல சார்" என்றான் இன்னொருவன். சரி என்று முகநூல் ஆய்வையும் சொன்னேன். 2012 ஜனவரியில் ஒரு வாரம், 689,003 பேரின் பக்கங்களில், சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்தார்கள், சிலருக்குச் சோகமானவற்றைக் குறைத்தார்கள், பிறகு அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தார்கள். மகிழ்ச்சியான பதிவுகள் குறைக்கப்பட்டவர்கள் கொஞ்சம் சோகமாக எழுதினார்கள். மாற்றம் மிகமிகச் சிறியது, பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்பதால் அதை இரண்டு முறை சொன்னேன். ஆய்வு 2014இல் வெளியானபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் இருப்பவன் கையைத் தூக்கினான். "சார், அந்த ஆறு லட்சத்துச் சொச்சம் பேருல யாருக்காச்சும் தெரியுமா, அது தாங்கதான்னு?" நான் முப்பது வருடம் பாடம் நடத்தியவன், அந்தப் பையனுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. நம் நாட்டிலும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் டியூஷன் கேமரா அதற்குள்ளெல்லாம் வராதே. அது பிள்ளையின் முகத்தை எங்கே சேமிக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்தை நினைத்து உங்களையே நோகடித்துக்கொள்ள வேண்டாம், பதில் சொல்ல வேண்டியவர்கள் பாரத்தை நீட்டியவர்கள்.

படிவம் 5, பட்டர்வொர்த்:

ஆன்ட்டி, நீங்க சொல்றது எந்த நாவல்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு, நான் அதை பெர்ரியில் வைத்துத்தான் படித்தேன். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும்போது, கதாநாயகி கண்ணாடி முன்னால் நின்று காதுக்குப் பின்னால் கையை வைத்து, இதை எடுக்கணும்னு நினைக்கிறது நானா அதுவா என்று கேட்பாளே, அந்தப் பக்கம். அதைப் படித்துவிட்டு ரொம்பப் பயந்துபோய் நிமிர்ந்து கடலைப் பார்த்தேன், அது வரைக்கும்தான் ஞாபகம். அடுத்து சங்குச் சத்தம் கேட்டபோது பெர்ரி கரையில் நிற்கிறது, என் வலது கையில் கைப்பேசி, யாரோ கேக்குக்கு கிரீம் தடவும் வீடியோ ஓடுகிறது. இடது கை விரல் இன்னும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கைப்பேசியைப் பையிலிருந்து எப்போது எடுத்தேன், எத்தனை வீடியோ பார்த்தேன், சத்தியமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். கீழே கீழே தள்ளிக்கொண்டே போகலாம், முடிவே வராது என்ற அந்த அமைப்பை ஏசா ரஸ்கின் என்பவர் 2006இல் உருவாக்கினாராம், பின்னால் அவரே அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். நாவலில் அத்தியாயம் முடிந்தால் வெள்ளையாகக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அங்கே மூச்சு விடலாம். வீடியோவில் அந்த இடம் இல்லை. நாங்கள் சொன்னால் பெரியவர்கள் 'அப்போ கைப்பேசியைப் பிடுங்கிவிடு' என்று மட்டும்தான் சொல்வார்கள். அதனால்தான் யாரிடமும் இதைச் சொல்லாமல் இருந்தேன், முதல்முறை இங்கே சொல்கிறேன்.

ஜெலுத்தோங் அம்மா:

ஐயா, நீங்கள் சொன்னபடியே எழுதிக் கேட்டேன், நாலு நாளாகப் பதில் இல்லை. ராத்திரி எண்ணை மட்டும் நிறுத்திவிட்டார்கள். முதல் இரண்டு நாள் ஒன்பது மணிக்குக் கை தானாகக் கைப்பேசியிடம் போனது, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நேற்று அவள் மேசையில் உட்கார்ந்து கணக்கைப் பாதியில் வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்காமல் மைலோ கலக்கி வைத்துவிட்டு வந்தேன்.

பட்டர்வொர்த் பிள்ளை, நீ எழுதியதை என் மகளிடம் படித்துக் காட்டினேன். உனக்கு எழுதணுமாம், என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் பாகம் உன்னிடம் இருந்தால் சொல்லும்மா. சௌரஸ்தாவில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டோம், கிடைக்கவில்லை. கிடைத்தால் இந்தத் தடவை நான்தான் முதலில் படிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.