புதுப்பிப்பு: ஈஸ்ட் கோஸ்ட் மாலைகளும் சன்ஸ்கிரீனும்
சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மிதிவண்டி ஓட்டும்போது சன்ஸ்கிரீன் வியர்வையில் கரைந்து கண்ணை எரிக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் பிறகு நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

புதிய களிம்பைவிட, கிளம்பும் நேரத்தை மாற்றியதே அதிகம் கைகொடுத்தது. இந்நகரின் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், வெயில் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லாமல் 1 மணியை ஒட்டியே. ஆகவே 4 மணி வெயிலையும் இளவெயில் என்று நம்புவதற்கில்லை. தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் புறஊதாக் குறியீடு (தோலைச் சுடும் வெயில் கதிரின் வலிமையைக் காட்டும் எண்) 3க்குக் கீழே இறங்கிய பிறகே இப்போது புறப்படுகிறோம்.

அதற்கு முன்னரே செல்ல நேரும் நாள்களில், கண்ணைச் சுற்றி மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ள குச்சி வடிவச் சன்ஸ்கிரீனைத் தடவுகிறேன். எரிச்சல் நின்றுவிட்டது; ஆனால் மாநிறத் தோலில் அது திருநீறு பூசியதுபோல் வெளிறித் தெரியும் என்பதால், நிறம் கலந்ததாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஓட்டி முடித்ததும் லகூன் உணவு நிலையத்தில், குச்சியில் கோத்துக் கரியில் வாட்டிய கோழி சாத்தேயை வேர்க்கடலைக் குழம்பில் தோய்த்து, வெள்ளரித் துண்டோடு சாப்பிடுகிறோம். கரும்புச்சாற்றில் எலுமிச்சை பிழியச் சொல்ல மறக்காதீர்கள்.